தேக்சா சாயாமல் வண்டலூர் வரை

முப்பத்திரண்டரை அங்குலம். பின்சக்கரத்துக்கு மேல் வளைந்து நிற்கும் தகரத்தின் விளிம்பிலிருந்து தரை வரை, சித்திகாவின் பிக்கப் வண்டி அந்த உயரத்தில் நிற்க வேண்டும். வெறும் வண்டியாக நிற்கும்போது அளந்த உயரம் அது. டிரெய்லரை மாட்டி, பாரம் ஏற்றிய பிறகும் அதே உயரம் வந்தாக வேண்டும். தையல்காரர்கள் வைத்திருக்கும் டேப்பால் அளக்கிறார். வலது பக்கம் ஒரு தடவை, இடது பக்கம் ஒரு தடவை. குறைந்தால் காற்று ஏற்றுவார், கூடினால் இறக்குவார்.

டயருக்கான காற்று அல்ல இது. வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால், பின் அச்சுக்கு மேலே, இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கறுப்பு ரப்பர் பைகள் தெரியும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெரிய இட்லிகளை வைத்ததுபோல் இருக்கும். அவற்றிலிருந்து மெல்லிய குழாய்கள் ஓடி, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு வால்வுகளில் முடிகின்றன. டிரெய்லரின் கொக்கி வண்டியின் வாலை அழுத்தும்போது அந்தப் பைகளில் காற்று ஏற்றினால் வால் மேலே வரும். அவ்வளவுதான் விஷயம். இரும்புலியூரில் தாழ்வான டிரெய்லர் இழுக்கும் வண்டி இது ஒன்றுதான். அதில் போவது பிரியாணி.

சித்திகாவுக்கு நாற்பத்தேழு வயது. பல்லாவரத்தில் பிறந்தார், இருபத்தொன்றாம் வயதில் இரும்புலியூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மகள் ரூக்சார் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், பள்ளி வேன்காரர் ஒருநாள் குழந்தையை வேறு தெருவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். மறுவாரமே சித்திகா வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார். ஆறு மாதத்தில் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கி, தெருவிலிருந்த மற்றப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பதினோரு வருடம் ஓட்டினார். கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது வேன் போனது. திறந்தபோது பள்ளியே பஸ் வைத்துக்கொண்டது. பிறகுதான் இந்தப் பிக்கப். பெருங்களத்தூரில் புதிதாக எழும் அடுக்குமாடிகளுக்குக் கட்டிலும் பீரோவும் ஏற்றிப் போவார். பீரோவின் கண்ணாடி இதுவரை ஒன்றுகூட உடைந்ததில்லை என்பதை, யாராவது கேட்டால் மட்டும் சொல்வார்.

கணவர் அத்தாவுல்லா பிரியாணி மாஸ்டர். அவர் சமையல் எப்போதும் கல்யாண வீட்டு வாசலில்தான். முந்தின நாள் சாயங்காலமே போய், அடுப்புக்கு இடம் பார்த்து, சவுக்கு விறகு அடுக்கி, தேக்சாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார். தேக்சா என்பது அகன்ற வயிறும் கனத்த அடியும் கொண்ட பிரியாணிப் பாத்திரம். முப்பத்து நாலு வருடம் அப்படித்தான் ஓடியது. பிறகு மண்டபங்கள் மாறின. தரையெல்லாம் பளிங்கு, கூரையில் புகை வந்தால் அலறும் கருவி. விறகு கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். கேஸ் அடுப்பில் இரண்டு கல்யாணம் செய்து பார்த்தார். சாப்பிட்டவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவருக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவது ஆளிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு நாலாவது ஆள் வரவில்லை.

ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தார். காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி, போனை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போன் அடிக்கும். கடன் வேண்டுமா என்று ஒரு பெண் குரல் கேட்கும். வேண்டாம்மா என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவார். ஒருநாள் சித்திகா சமையற்கட்டிலிருந்தே அவருடைய எண்ணுக்கு அழைத்தார். குழம்பில் உப்பு பார்க்க ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார். ஆனால் மறுநாளும் அதே நாற்காலிதான்.

டிரெய்லர் யோசனை சித்திகாவுடையது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில் விறகில் சமைப்பது. தம் போட்டு, மூடியைச் சுற்றி மைதா மாவால் அடைத்து, கங்கு தள்ளிவிட்டு, சாக்கைப் போர்த்தி அப்படியே மண்டபத்துக்குக் கொண்டு போவது. பிக்கப்பின் மேலேயே ஏற்றலாமே என்று அத்தாவுல்லா கேட்டார். கொதிக்கிற தேக்சாவை இடுப்பு உயரத்துக்குத் தூக்கும்போது ஒரு கை வழுக்கினால் என்ன ஆகும் என்று இவர் திருப்பிக் கேட்டார். அதனால் தரையிலிருந்து முழங்கால் உயரம்கூட இல்லாத டிரெய்லர் ஒன்றைச் செய்து, பதிவு எண்ணும் வாங்கினார்கள். பின்பக்கம் கதவு. கதவைக் கீழே சாய்த்தால் அதுவே சரிவுப் பலகை. பிக்கப்பின் மேல் தட்டு, வாளி, கத்திரிக்காய், தயிர் வெங்காயம், அல்வா, ஆட்கள். டிரெய்லரில் தேக்சாக்கள் மட்டும்.

முதல் பயணம் போன ஆகஸ்டில், குன்றத்தூரில் ஒரு வீட்டு விசேஷம். டிரெய்லரும் மேல்பாரமும் சேர்ந்து வண்டியின் வாலை நாலு அங்குலம் அமுக்கின. வால் இறங்கியதால் அதில் மாட்டிய டிரெய்லரின் மூக்கும் இறங்கியது. முன்சக்கரங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுவதுபோல் ஸ்டியரிங் லேசாகிவிட்டது. எதிரே வந்தவர்கள் ஹெட்லைட் கண்ணில் அடிக்கிறது என்று கையைக் காட்டித் திட்டிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்து மூடியைத் திறந்தபோது, நெய்யும் மசாலாவும் கறிச்சாறும் தேக்சாவின் முன்பாதிக்கு ஓடிப்போய் அங்கே சோறு குழைந்திருந்தது. பின்பாதி வறண்டு வெள்ளையாக நின்றது. அத்தாவுல்லா இரண்டையும் கலந்து பரிமாறச் சொன்னார். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அத்தாவுல்லா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, இனி வேண்டாம் என்றார்.

சித்திகா அடுத்த வாரம் தினகரனின் பட்டறைக்குப் போனார். தினகரன் லாரி ஸ்பிரிங் வேலை செய்கிறவர், முப்பத்தைந்து வயது, பேசிக்கொண்டே வேலை செய்வார், பேச்சு நின்றால் வேலையும் நிற்கும். முட்டுக்காட்டுக்குப் படகு இழுத்துப் போகும் ஒருவரின் வண்டிக்கு அவர் காற்றுப்பை மாட்டியதாகக் கேள்விப்பட்டுத்தான் போனார். தினகரன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, மாட்டலாம் என்றார். ஆனால் ஒன்றை முதலிலேயே சொன்னார்.

"அக்கா, பை வச்சா வண்டி லெவலா நிக்கும். அதுக்காக வண்டி பெருசாயிடாது. எவ்ளோ வெயிட்டு தாங்கும்னு புக்குல போட்டுகீதோ, அவ்ளோதான் தாங்கும். பை மேல பாரத்த போட்டு என்ன வந்து திட்டக்கூடாது."

மாட்டி முடித்ததும் இன்னொன்றையும் சொன்னார். டிரெய்லரில் கனமான சாமான் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் டிரெய்லர் வாலாட்டும், அதைப் பையால் தடுக்க முடியாது. சித்திகா இதைக் கேட்டுத் தலையாட்டினார். அத்தாவுல்லா அப்போது தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

சோதனைக்குத் தேக்சாக்களில் தண்ணீர் நிரப்பி மஞ்சள் கரைத்தார்கள். பெரியது முன்னால் நடுவில், அதற்குப் பின்னால் இரண்டிரண்டாக நாலு. பைகளில் நாற்பது பவுண்டு காற்று. மண்ணிவாக்கம் வரை போய்த் திரும்பி, உட்சுவரில் மஞ்சள் எந்த உயரத்தில் பிடித்திருக்கிறது என்று பார்த்தார்கள். சுற்றிலும் ஒரே கோடு. அத்தாவுல்லா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, வண்டலூர் நிக்காஹ் ஒன்று கேட்டு வந்திருக்கிறது, நானூறு பேர், ஒத்துக்கொள்ளட்டுமா என்று அவராகவே கேட்டார். சித்திகா சரி என்பதற்குள் அடுத்ததையும் சொன்னார்.

"இது ஒண்ணு பாப்போம். இதுவும் சரியா வரலன்னா டிரெய்லர வித்துடலாம். அப்புறம் என்ன கேக்கக் கூடாது."

அந்த நாற்காலி சித்திகாவின் கண்முன் வந்தது. டிரெய்லர் போனால் அவர் மறுபடி அதில்தான் போய் உட்காருவார். ஆனாலும் கேட்க மாட்டேன் என்றார் சித்திகா.

நிக்காஹ் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. விடியும் முன்பே அடுப்பு மூட்டினார்கள். அத்தாவுல்லாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் அடுப்பேறுவது பெரிய தேக்சா. பிஸ்மில்லா சொல்லி அதில்தான் முதல் கைப்பிடி அரிசி விழும். மண்டபத்தில் முதலில் இறங்குவதும் முதலில் திறப்பதும் அதுவே. அதிலிருந்து எடுக்கும் முதல் தட்டு மாப்பிள்ளைக்கு அல்ல, அந்த மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிறவருக்கு. பதினாறு வயதில் அவர் கல்யாண வீடுகளில் எச்சில் தட்டு கழுவினார். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, தேக்சாவின் அடியைச் சுரண்டும் நேரம் வரை அவருக்குச் சோறு வராது. மாஸ்டரான முதல் நாளிலிருந்து இந்த ஒன்றை மட்டும் அவர் மாற்றியதில்லை. கல்யாண வீட்டார் சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் காதில் விழாது.

பத்தரை மணிக்கு, பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் கைகொடுக்க, ஐந்து தேக்சாக்களும் டிரெய்லரில் ஏறின, மஞ்சள் தண்ணீர் போன அதே வரிசையில். பதினைந்து கிலோ அரிசியின் பெரியது முன்னால், பத்து கிலோ நாலும் பின்னால். ஒவ்வொன்றின் கீழும் உருளாமல் தாங்கப் பிரிமணை, மேலே சாக்கு. சித்திகா காற்று ஏற்றி, டேப்பைப் பிடித்து அளந்தார். இரண்டு பக்கமும் முப்பத்திரண்டரை. குளிக்கப் போனார்.

அவர் குளித்து, நிக்காஹ்வுக்கென்று எடுத்து வைத்திருந்த பச்சைச் சேலையைக் கட்டி, முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு வருவதற்குள் இருபது நிமிடம் ஆகியிருக்கும். அத்தாவுல்லா பின்கதவை மூடித் தாழ் போட்டிருந்தார். உதவியாள் ஏகநாதன் வண்டியின் மேல் வாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். இவர் ஐம்பது வயதுக்காரர், அத்தாவுல்லாவோடு இருபது வருடமாகத் தேக்சா தூக்குகிறவர். நேரம் ஆகிவிட்டது என்றார்கள். அளந்தாகிவிட்டதே என்று சித்திகா சாவியைத் திருப்பினார்.

ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி வேகம் நாற்பதைத் தொட்டபோது அது தொடங்கியது. ஸ்டியரிங் கையில் லேசாக இழுத்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் மூலை வலது பக்கம் எட்டிப் பார்த்தது, பிறகு இடது பக்கம். அடுத்த முறை கொஞ்சம் அதிகமாக. பக்கத்தில் ஒரு பைக்கில் கணவன் மனைவி, நடுவில் குழந்தை, கையில் பட்டாசுப் பை. சித்திகா பிரேக்கைத் தொடவில்லை. காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையட்டும் என்று காத்திருந்தார். ஆட்டம் மெல்ல அடங்கியது. பெருங்களத்தூர் நிறுத்தத்தைத் தாண்டி இடது ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

நிறுத்தத்தில் கால் வைக்க இடமில்லை. தெற்கே போகும் பஸ்களுக்காகப் பாதி நகரம் அங்கே நின்றது. துணிக்கடைப் பைகள், சுருட்டிய பாய், தலையில் சூட்கேஸ். சித்திகா அதன் நடுவே இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரத்துக்கு மேல் டேப்பைப் பிடித்தார். முப்பத்து நாலு. இடது பக்கமும் முப்பத்து நாலு.

வால் இறங்கவில்லை, தூக்கிக்கொண்டு நிற்கிறது. அப்படியென்றால் டிரெய்லரின் மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. உள்ளே இருக்கும் பாரம் பின்னால் போயிருக்கிறது. தேக்சா தானாக நடக்காது.

அத்தாவுல்லா இறங்கி வந்திருந்தார். சித்திகா ஏகநாதனுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"பெருச எடுத்துப் பின்னால வச்சீங்களா?"

"மொதல்ல எறங்க வேண்டியது அதுதானே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"நீ குளிச்சிக்கினு இருந்த."

வேறு நாளாக இருந்தால் சித்திகா சிரித்திருப்பார். தினகரன் சொன்னதை அவரிடம் சொல்லாமல் விட்டது தன் தப்பு என்பது அந்த நிமிடத்தில் உறைத்தது. கிளம்பும் முன் மறுபடி அளக்காததும்தான். இவர் பையைப் பார்த்தார், அவர் வரிசையைப் பார்த்தார், இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் இல்லை.

பெரியதை முன்னால் மாற்ற வேண்டும் என்றார். அத்தாவுல்லா மறுத்தார். தம்மில் இருக்கும் தேக்சாவை நடுரோட்டில் இறக்கி ஏற்றினால் அடைப்பு விடும், சோறு உடையும். முன்னால் போய்விட்டால் மண்டபத்தில் கடைசியாகத்தான் இறங்கும். இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே, மெதுவாகப் போனால் போய்விடலாம். அவர் சொன்னது ஒவ்வொன்றும் சமையலுக்குச் சரி. சித்திகா தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினார்.

"எனக்குக் கை நடுங்குதுங்க."

பதினோரு வருடம் வேன் ஓட்டியபோதும், மழையில் முடிச்சூர் சாலை மூழ்கியபோதும் அவர் இதைச் சொன்னதில்லை. அத்தாவுல்லா அந்தக் கையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் அதைப் பிடித்துக்கொண்டார். ஆயிரம் பேர் நிற்கும் இடம் என்பது இருவருக்குமே மறந்துபோயிருக்க வேண்டும். பிறகு திரும்பி, ஏகநாதனைப் பார்த்துச் சொன்னார்.

"ஏகநாதா, கம்பிய எடு. எல்லாம் மாத்தணும்."

தேக்சாவின் வளையங்களில் இரும்புக் கம்பி நுழைத்துத் தூக்கப் பக்கத்துக்கு இரண்டு பேர் வேண்டும். இங்கே இருந்தது இரண்டு பேர். போக்குவரத்துக் காவலர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே வந்து, இங்கே என்ன என்றார். விஷயத்தைக் கேட்டார், மூக்கை ஒருமுறை உறிஞ்சினார், பத்து நிமிடம் தருவதாகச் சொல்லி வண்டிக்குப் பின்னால் போய் நின்று வாகனங்களை ஒதுக்கத் தொடங்கினார். பஸ்ஸுக்கு நின்ற இளைஞர்கள் இரண்டு பேர், பையைப் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அந்த அம்மாள் தையல்நாயகி, திண்டிவனம் போகிறவர், ஏற்கெனவே அவரிடம் மூன்று பை. பிரியாணியைத் தூக்க எல்லாரும் போய்விட்டால் பஸ்ஸில் இடம் யார் பிடிப்பது என்று சத்தம் போட்டார், ஆனாலும் பைகளை வாங்கிக்கொண்டார்.

பெரியதையும் இடது பக்கத்து இரண்டையும் இறக்கினார்கள். வலது பக்கத்து இரண்டும் ஓரமாக ஒட்டி நிற்க, காலியான இடது பக்கம் வழியாகப் பெரியதை முன்சுவர் வரை கொண்டு போனார்கள். மற்றவற்றைப் பின்னால் நகர்த்தி அடுக்கினார்கள். கடைசித் தேக்சாவை ஏற்றும்போது பலகையில் இடித்து, மூடியைச் சுற்றிய மாவு ஒரு சாண் நீளத்துக்கு வெடித்தது. ஆவி சீறிக்கொண்டு வெளியே வந்தது. பட்டையும் கிராம்பும் புதினாவும் வெந்த கறியும் சேர்ந்த வாசனை நிறுத்தம் முழுக்கப் பரவியது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"பாய், மொதல்ல அந்த மூடிய மூடுங்க," என்றார் தையல்நாயகி. "சனிக்கெழம நான் கவுச்சி தொடமாட்டேன். இப்படி மூக்குல காட்டினா எங்க போவேன்?"

அத்தாவுல்லா டிபன் டப்பாவில் எப்போதும் வைத்திருக்கும் பிசைந்த மாவை எடுத்து, சுடச்சுட விரலால் அழுத்தி வெடிப்பை அடைத்தார். திங்கட்கிழமை வந்தால் தருகிறேன் என்று அந்த அம்மாளிடம் சொன்னார். திங்கட்கிழமை தீபாவளி, அப்போது யார் வருவது என்று அவர் முறைத்தார்.

சித்திகா டேப்பைப் பிடித்தார். வலது பக்கம் முப்பத்திரண்டரை. இடது பக்கம் முப்பத்திரண்டேகால். இடது பையில் கொஞ்சம் காற்று ஏற்ற வேண்டும். லைட்டர் துளையில் மாட்டும் சின்ன கம்ப்ரசரை இயக்கி வால்வில் செருகினார். அத்தாவுல்லா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எவ்வளவு வர வேண்டும் என்று கேட்டார். பிறகு முள்ளைப் பார்த்து எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார், முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொண்ணு, போதுமா. இந்த வண்டியின் அடியில் அவர் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை.

இளைஞர்களின் பஸ் வந்தது. பைகளை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பெயர்கூடக் கேட்கவில்லையே என்று ஏகநாதன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

டிரெய்லர் வாலாட்டவில்லை. நாற்பதில் சித்திகா ஒருமுறை ஸ்டியரிங்கை மிக லேசாகத் தளர்த்திப் பார்த்தார். நேராக ஓடியது. அத்தாவுல்லா முன்னிருக்கையில் இருந்து சாலையைப் பார்க்காமல் பக்கவாட்டுக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டலூர் மண்டபத்துக்கு அரை மணி தாமதம். மணமகள் வீட்டார் வாசலிலேயே நின்றார்கள். கதவைச் சாய்த்ததும், பின்னால் இருந்த தேக்சாவை இறக்கி உடனே பரிமாறத் தொடங்கலாம் என்றார்கள். அத்தாவுல்லா கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்றார். நாலு சிறியவையும் இறங்கின. நாலும் மூடியபடி வரிசையாக நின்றன. முதல் பந்தி உட்கார்ந்து, இலை விரித்து, தண்ணீரும் வைத்தாகிவிட்டது. உள்ளேயிருந்து ஒருவர் வந்து என்ன தாமதம் என்றார், அப்புறம் இன்னொருவர். மாப்பிள்ளையின் மாமா வந்து, மாஸ்டருக்கு நேரம் சரியில்லையா என்று சிரிக்காமல் கேட்டார். அத்தாவுல்லா, பெரிய தேக்சா கடைசியாக இறங்கும்வரை எந்த மூடியிலும் கை வைக்கவில்லை.

மாவை உடைத்து மூடியைத் திறந்தார். ஆவி அடங்கும்வரை பொறுத்து, தட்டைக் கரண்டியை ஓரத்தில் அடிவரை இறக்கி ஒரு கரண்டி எடுத்துப் பார்த்தார். எதிர் ஓரத்தில் ஒன்று. பிறகு இடது, வலது. நாலு கரண்டியையும் ஒரே தட்டில் நாலு குவியலாக வைத்தார். சித்திகா நாலு அடி தள்ளி நின்றார். கிட்டே போக அவருக்குத் தைரியம் வரவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தார். நாலு குவியலும் ஒரே நிறம். சோறு நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது.

மண்டபத்தைக் கூட்டும் கங்கையம்மாளைக் கூப்பிட்டார்கள். துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, எங்கே என்ன சிந்திவிட்டது என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தாவுல்லா அந்தத் தட்டில் இரண்டு துண்டு கறியை வைத்து நீட்டினார்.

"இன்னா பாய், உள்ள மாப்ளயே இன்னும் துன்னல. எனக்குக் குடுத்துகினு கீறீங்க?"

"உக்காந்து சாப்புடும்மா. அப்புறம் சொல்லு."

கங்கையம்மாள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார். அதற்குப் பிறகுதான் பந்திக்குப் போனது.

மாவு வெடித்த தேக்சாவில் மேல்சோறு கொஞ்சம் வறண்டிருந்தது. அதை ஏகநாதன் தனியாக எடுத்து, தங்கள் மூன்று பேருக்கென்று மூடி வைத்தார். நானூறு என்று சொன்ன இடத்தில் நானூற்று முப்பது பேர் சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் மாமா மூன்றாம் பந்தியிலும் தென்பட்டதாக ஏகநாதன் சொல்கிறார், அதைச் சித்திகா நம்பவில்லை.

மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் பின்னால் அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். சித்திகாவின் பச்சைச் சேலையில் முழங்காலருகே கிரீஸ் கறை. அத்தாவுல்லா தன் தட்டிலிருந்த எலும்பில்லாத கறியைப் பார்த்துப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தார். நடுக்கம் போய்விட்டதா என்று கேட்டார். எப்போதோ போய்விட்டது என்றார் இவர். பிறகு அத்தாவுல்லா, எழுந்து கை கழுவப் போகும் வழியில் நின்று கேட்டார்.

"அந்தத் தினகரன் டிரெய்லர்ல கதவு வைப்பானா? முன்பக்கம், இடது சைடுல?"

ஏகநாதனுக்குப் புரியவில்லை. சித்திகாவுக்குப் புரிந்தது. பெரியது முன்னாலேயே இருக்கும், முன்கதவு வழியாக முதலில் இறங்கும். விற்கப் போகிற டிரெய்லருக்கு யாரும் கதவு வைக்க மாட்டார்கள். வைப்பான் என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தார்.

தீபாவளி கழிந்த வியாழக்கிழமை தினகரன் பட்டறையில் கதவு வெட்டுகிறார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கேளம்பாக்கத்தில் வலீமா விருந்து, முந்நூறு பேர். வண்டி காலை ஒன்பது மணிக்குக் கிளம்பும்.